கொத்துச்சாவி

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் ஏழு ஆணிகள். ஜூன் மாதம் சாரல் விழுந்து, குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று செய்தி வந்த மறுநாளே அந்த ஆணிகளில் இருக்கும் சாவிகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பிக்கும். இலஞ்சி, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் வயல்களுக்குள் கிடக்கிற ஊர். அருவிக்குப் பக்கத்தில் லாட்ஜ் கிடைக்காதவர்களும், லாட்ஜ் வாடகை கட்டுபடியாகாதவர்களும் இங்கே வருவார்கள். அப்பா இருந்தபோது மாடியில் இரண்டு அறைகள் கட்டினார். அவர் போன பிறகு அம்மா அவற்றைச் சீசனுக்கு விட ஆரம்பித்தாள். அந்த மூன்று மாத வாடகையில்தான் தங்கை கல்லூரி முடித்தாள். அறைச்சாவி இரண்டு, வெளிகேட், மாடிப்படிக் கதவு, மோட்டார் ரூம், பின்கட்டு, ஸ்டோர் ரூம். ஏழும் சேர்ந்த கொத்து ஒன்று அம்மாவின் இடுப்பில் தனியாக இருக்கும்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். 2011இல் மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றாலே "ஸோஹோவா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை. வெளியூர்க் கம்பெனி ஒன்று விற்கிற நெட்வொர்க் பெட்டிகளுக்கு லினக்ஸ் கெர்னலைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் நானும் "ஆமா, அது மாதிரிதான்" என்று சொல்லிவிடுவேன்.

கெர்னலை பில்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள். இந்த டிரைவர் வேண்டுமா, வேண்டாமா, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்கிற மாட்யூலாக வேண்டுமா? இந்தக் கேள்விகளை எழுதுகிற மொழிக்கு கேகான்ஃபிக் என்று பெயர். ரோமன் ஸிப்பெல் என்பவர் எழுதி 2002இல் கெர்னலுக்குள் வந்தது. ஒரு கேள்வி இன்னொன்றைச் சார்ந்திருக்கலாம். ஒன்றுக்கு ஆம் என்றால் இன்னொன்று தானாகவே ஆம் ஆகலாம். பதில் சொல்லாதவனுக்காக முன்கூட்டியே ஒரு பதிலை, டிஃபால்ட்டை, எழுதி வைக்கலாம். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் நாலு வரி விளக்கம் இருக்கும். பல விளக்கங்கள் ஒரே மாதிரி முடியும்: நிச்சயமில்லை என்றால் 'வேண்டாம்' என்று சொல். முதன்முதலில் படித்தபோது இது எங்கள் ஆச்சி சொல்கிற மாதிரியே இருந்தது.

அந்த வருடம் எனக்கு வந்த வேலை சின்னதுதான். எங்கள் பெட்டிகளுக்கான கேள்வித்தாளில், நினைவகத்தை மறுமுகவரியிடும் வன்பொருள் சம்பந்தப்பட்ட பதில்கள் ஐந்தாறு கோப்புகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் இந்தப் பதில் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

மறுமுகவரி என்றால் என்ன? கம்ப்யூட்டரில் இருக்கிற நெட்வொர்க் கார்டு, டிஸ்க் எல்லாம் நினைவகத்தில் தாங்களாகவே எழுதும், படிக்கும். ஒவ்வொரு தடவையும் ப்ராசசரை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் வேகம் வராது. இதற்கு டி.எம்.ஏ. என்று பெயர். சிக்கல் என்னவென்றால், அப்படி உள்ளே வந்த கார்டு எந்த இடத்தில் வேண்டுமானாலும் கைவைக்கலாம், பாஸ்வேர்ட் கிடக்கிற இடம் உட்பட. அதனால் நடுவில் ஒரு காவல்: ஐ.ஓ.எம்.எம்.யூ. கார்டுக்கு நிஜமான முகவரி தெரியாது. அதற்கென்று ஒரு கற்பனை முகவரியைக் கொடுத்து, அது அந்த முகவரிக்குப் போகும்போதெல்லாம் நடுவில் இருக்கும் காவல் ஒரு அட்டவணையைப் பார்த்து சரியான அறைக்குத் திருப்பிவிடும். அட்டவணையில் இல்லாத இடத்துக்குப் போனால் வழி கிடையாது. மாடிக்கு வந்த விருந்தாளிக்கு மாடி அறைச் சாவியை மட்டும் கொடுப்பது மாதிரி.

கெர்னலில் இதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒன்று கறார். விருந்தாளி அறையைக் காலி செய்த அந்த நொடியே சாவியை வாங்கிவிட வேண்டும். பாதுகாப்பானது, ஆனால் ஒவ்வொரு தடவையும் நேரம் ஆகும். இரண்டாவது சோம்பல். அவர்களே வைத்த பெயர்தான், 'லேசி'. அறையைக் காலி செய்தாச்சு என்று நோட்டில் எழுதிக்கொண்டு, சாவிகளை மொத்தமாகச் சேர்த்து வாங்குவது. 10 மில்லிசெகண்ட் கழித்தோ, வரிசை நிறைந்தபோதோ வாங்கிக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் போன விருந்தாளி திரும்பி உள்ளே வர முடியும். மூன்றாவது, பாஸ்த்ரூ. கொத்துச்சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நாம் போய்ப் படுத்துக்கொள்வது. இன்டெல், ஏ.எம்.டி. இயந்திரங்களுக்கு டிஃபால்ட்டாக இருப்பது சோம்பல். ஏ.ஆர்.எம். வகைகளுக்குக் கறார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு இரண்டு வருடம் முன்னால், ஒரு பெட்டியின் வேகம் போதவில்லை என்று வாடிக்கையாளர் புகார் சொன்னபோது, நான் பாஸ்த்ரூ போட்டு அனுப்பினேன். வேகம் கூடியது, பாராட்டு வந்தது. எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருக்கிற யாருக்கும் தங்கள் சார்பில் ஒருவன் இலஞ்சியில் உட்கார்ந்துகொண்டு கொத்துச்சாவியைக் கொடுத்தான் என்பது தெரியாது. எதுவும் நடக்காததால் அது தப்பு இல்லையா? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய இரண்டு பேரில் ஒருவன் குறுக்கே குழந்தை வந்ததால் கொலைகாரன் ஆகிறான், மற்றவன் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதானே? அதற்கு அவர்கள் வைத்த பெயர் அறத்தில் அதிர்ஷ்டம். நான் அந்த அதிர்ஷ்டசாலி.

சரி, அடுக்கும் வேலைக்கு வருகிறேன். கெர்னலிலேயே இந்தப் பகுதி பலமுறை வீடு மாறியிருக்கிறது. இன்டெலின் காவல் நிரல் முதலில் பி.சி.ஐ. அடைவில் இருந்தது, ஏ.எம்.டி.யுடையது எக்ஸ்86 அடைவில். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பேர் இரண்டு தெருக்களில் இருந்தார்கள். 2011இல் எல்லாரையும் ஒரே அடைவுக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் கூட்டம் அதிகமாகி, 2020இல் இன்டெலுக்கு ஒரு உள்ளறை, ஏ.எம்.டி.க்கு ஒரு உள்ளறை என்று பிரித்தார்கள். அப்போதுதான் இன்டெல் கேள்விகளும் பொது கேள்வித்தாளிலிருந்து அந்த உள்ளறைக்குப் போயின. நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை, இடம் மட்டும் மாறியது. இப்படிப்பட்ட மாற்றங்களைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வரும். யாரும் கவனிக்க மாட்டார்கள், யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்து வருகிறவன் எதை எங்கே தேடணும் என்று தடுமாற மாட்டான்.

பெயர் மாற்றம்தான் ஆபத்து. 2011இல் இன்டெல் கேள்வியின் பெயரை 'டிமார்' என்பதிலிருந்து 'இன்டெல் ஐ.ஓ.எம்.எம்.யூ.' என்று மாற்றினார்கள். பழைய பதில்தாளைப் புதிய கெர்னலுக்குக் கொடுத்தால், தனக்குத் தெரியாத பெயரை அது சத்தமில்லாமல் உதிர்த்துவிடும். புதிய பெயரைப் புதுக்கேள்வியாக நினைத்துக்கொண்டு, நம்மைக் கேட்கும். கேட்காதே என்று நாம் சொல்லியிருந்தால் டிஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. பதில்தாளில் 'ஆம்' என்பதை நேராக எழுதலாம். 'வேண்டாம்' என்பதை அப்படி எழுதுவதில்லை. முன்னால் ஒரு கம்பிக்குறி போட்டு, 'இன்னது வைக்கப்படவில்லை' என்று எழுதுவார்கள். கம்பிக்குறி இருந்தால் அது வெறும் குறிப்பு, இயந்திரம் படிக்காது என்றுதான் நிரல் எழுதுகிற எவனும் நினைப்பான். ஆனால் இங்கே அது படிக்கும். அந்த வரி இருந்தால், யாரோ கேள்வியைக் கேட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வரியே இல்லாவிட்டால், கேள்வி கேட்கப்படவே இல்லை என்று அர்த்தம். நான் அறியாமல் குப்பை என்று நினைத்து அந்தக் கம்பிக்குறி வரிகளை ஒருமுறை அழித்திருக்கிறேன். மறுத்தவனையும் கேட்கப்படாதவனையும் ஒன்றாக்கிவிட்டேன்.

எங்கள் கம்பெனியின் பதில்தாளில் அப்படி நிறைய 'வைக்கப்படவில்லை' இருந்தன. யார் சொன்னது, எப்போது, ஏன்? யாருக்கும் தெரியவில்லை. முந்தைய பெட்டியிலிருந்து வந்தது, அதற்கு முந்தையதிலிருந்து வந்தது. புதிய கெர்னல் வந்தால் பழைய பதில்களை அப்படியே வாங்கிக்கொண்டு புதுக்கேள்விகளை மட்டும்தானே கேட்கும். பழைய பதில்களை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை.

2023 சீசனில் இது நடந்தது. ஜூலை. மேல் அறை ஒன்றில் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம், வருஷா வருஷம் வருகிறவர்கள். இன்னொரு அறைக்குப் புதிதாக மூன்று பையன்களும் அவர்களில் ஒருவனுடைய அம்மாவும் வந்தார்கள். என் அம்மா புதிதாக வருகிறவர்களிடம் தண்ணீர் கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பாள். எந்த ஊரு? எந்தத் தெரு? "உங்களுக்கு சாஸ்தா கோவில் எதும்மா?" எங்கள் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவிடம் போகிறாய் என்று தெரிந்தால், நீ யார் என்று தெரிந்துவிடும். நேராகக் கேட்டால் அநாகரிகம். இது பக்தி விசாரணை.

அந்த அம்மா பதில் சொன்னார். என் அம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அறைச்சாவியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். "கேட்டு நான் தெறந்து விடுதேன், வெளிய போறப்ப சாவிய இங்கன குடுத்துட்டுப் போங்க" என்றாள். சாத்தூர்க்காரர்களிடம் கேட், மாடிப்படி, பின்கட்டு எல்லாச் சாவியும் இருந்தது. அவர்கள் போகும்போது கொடுத்தால் போதும்.

அன்று ஐந்தருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. பையன்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பழைய அருவியில் விடுகிறார்களா என்று பார்க்க ஒருதரம், சாப்பிட ஒருதரம், மருந்து வாங்க ஒருதரம். ஒவ்வொரு தடவையும் அம்மா சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள், திரும்ப எடுத்துக் கொடுத்தாள். நாலாவது தடவை அந்தப் பையன்களில் ஒருவன், இருபது வயது இருக்கும், சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "எல்லார்ட்டயும் இப்படித்தான் வாங்குவீங்களாக்கா?"

சாத்தூர்க்காரரின் மகள் அப்போதுதான் கொத்துச்சாவியை விரலில் சுற்றிக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த நான் சொன்னேன்: "எல்லார்ட்டயும்தான் தம்பி."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நம்பினானா என்று எனக்குத் தெரியாது. திரையில் அப்போது திறந்திருந்தது அந்த மூன்று நிலைக் கேள்விதான், கறார், சோம்பல், பாஸ்த்ரூ. கதைக்காகச் சொல்கிறேன் என்று தோன்றும். அந்த வாரம் முழுக்க அதுதான் திறந்திருந்தது.

ராத்திரி அம்மாவிடம் பேசினேன். அவள் சண்டைக்காரி இல்லை. "எய்யா, நான் என்ன அவாளத் திட்டுனனா? தண்ணி குடுத்தேன், காப்பி போட்டுக் குடுத்தேன். தெரிஞ்சவாள்ட்ட ஒரு மாதிரி இருப்போம், தெரியாதவாள்ட்ட ஒரு மாதிரி இருப்போம். நீயும் அப்படித்தான இருக்க?" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் தொல்லை. லினக்ஸ்கூட அதைத்தான் செய்கிறது. 2019இல் தண்டர்கிளாப் என்ற ஆய்வு வந்தது. கேம்பிரிட்ஜ்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து, வெளியிலிருந்து தண்டர்போல்ட் துளையில் செருகும் ஒரு கருவி, தன்னை நெட்வொர்க் கார்டு என்று சொல்லிக்கொண்டே காவலை எப்படித் தாண்டலாம் என்று காட்டினார்கள். அதே சமயத்தில் வந்த 5.0 கெர்னலில், வெளித்துளை வழியாக வருகிற கருவிகளை நம்பத்தகாதவை என்று குறித்து வைக்கிற ஏற்பாடு சேர்ந்தது. உள்ளே பதித்த கார்டுக்குச் சோம்பல் நிலை, வெளியிலிருந்து வந்ததற்குக் கறார். எந்த வாசல் வழியாக வந்தாய் என்பதை வைத்துச் சாவி.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கெர்னல் கருவியைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்டு அந்தப் பதிலை நம்புவதில்லை, ஏனென்றால் கருவி பொய் சொல்லும். அது வாசலைப் பார்க்கிறது. வெளித்துளையில் செருகினால் யாராக இருந்தாலும் வெளியாள், உயர்ந்த கம்பெனி கார்டாக இருந்தாலும் சரி. அம்மாவின் மாடிக்கு வருகிற அத்தனை பேரும் வெளித்துளை வழியாகத்தான் வருகிறார்கள். சாத்தூர்க்காரர்களும் முதல் வருடம் அப்படித்தான் வந்தார்கள். அவர்களுக்கு முதல் நாளே கொத்து கிடைத்தது. சாஸ்தா சரியாக இருந்தது.

தெரியாதவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது தப்பில்லை. அந்த எச்சரிக்கையைச் சிலருக்கு மட்டும் தள்ளுபடி செய்வதுதான் இங்கே நடந்தது. அந்தப் பையனை அவள் சந்தேகப்பட்டாள் என்பது என் வருத்தம் இல்லை. மற்றவர்களைச் சந்தேகப்படவில்லை என்பதுதான் வருத்தம்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு அதிகாரம் உண்டு. ஆராயாமல் நம்பாதே, நம்பிய பிறகு சந்தேகப்படாதே, இரண்டும் தீராத துன்பம் என்று முடிகிற அதிகாரம். எனக்குப் பிடித்தது. அம்மாவிடம் சொல்லலாம் என்று எடுத்துப் படித்தபோது அதே அதிகாரத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. சுற்றம் இல்லாதவர்களை நம்பாதே, அவர்களுக்கு உலகத்தோடு பற்று இல்லை, பழிக்கு வெட்கப்பட மாட்டார்கள் என்கிறார். அம்மா பக்கம்தான் பேசுகிறார் வள்ளுவர்! 'யாருடைய ஆள் நீ' என்று கேட்பதன் தர்க்கம் இதுதான்: உனக்கு ஏதாவது ஆனால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் என்பதே அப்படி ஒரு ஜாமீன் ஏற்பாடு. ஜாமீன் இல்லாதவனுக்குக் கறார். யாருக்கு ஜாமீன் கிடைக்கும் என்பதைத்தான் ஆயிரம் வருஷமாகச் சாதி முடிவு செய்கிறது. குறளை மூடி வைத்துவிட்டேன், சொல்லவில்லை.

மறு சீசனுக்கு நான் ஒரு விதி போட்டேன். வாடகைக் கணக்கும் நான்தான் பார்க்கிறேன், அந்த அதிகாரத்தில். எல்லாருக்கும் அறைச்சாவி மட்டும். எல்லாரும் வெளியே போகும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். புதியவர், பழையவர் பேதமில்லை. பலகைக்கு மேல் ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன். பதில்தாளில் ஒரே வரி: கறார். பக்கத்தில் காரணம் எழுத மட்டும் இடம் விட்டிருந்தேன்.

அதற்கு ஒரு விலை இருந்தது. வருஷா வருஷம் வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. என் அப்பாவோடு சீட்டாடியவர். அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர். அவரிடமும் சாவி வாங்கினேன். முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள், "என்ன தம்பி, மாமாவ லாட்ஜுக்காரனாக்கிட்டியே" என்றார். மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிட்டார், வேலை இருக்கிறது என்று. அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

தத்துவத்தில் நம்பிக்கை பற்றி எழுதியவர்களில் ஆனெட் பேயர் எனக்கு முக்கியமானவர். 1986இல் எழுதிய கட்டுரையில் அவர் சொல்வது, நம்புவது என்றால், நமக்குத் தீங்கு செய்ய இன்னொருவருக்கு வாய்ப்பைக் கொடுத்துவிட்டு, அவர் செய்ய மாட்டார் என்று இருப்பது. அந்த வாய்ப்பு இல்லையென்றால் அங்கே நம்பிக்கை என்ற ஒன்றே இல்லை. அப்படிப் பார்த்தால் வாத்தியார் மாமாவுக்கு நான் செய்தது சமத்துவம் இல்லை. அவரிடமிருந்து ஒன்றைத் திருடினேன். இருபது வருடமாக அவர் தப்பாகப் பயன்படுத்தாத ஒரு வாய்ப்பை. அவருக்குக் கொத்து, மற்றவர்களுக்கு ஒற்றைச்சாவி என்று வைத்தால் என்ன? அவர் அதைச் சம்பாதித்தவர்தானே? சரி. ஆனால் அவர் சம்பாதிக்க ஆரம்பித்த முதல் நாள், அவருக்கு யார் என்ன கேட்டு, எந்தச் சாவியைக் கொடுத்தார்கள்? அந்தப் பையனுக்கு அப்படி ஒரு முதல் நாள் கிடைக்கவே இல்லையே. இருபது வருடம் கழித்து அவன் மாமா ஆகியிருக்க முடியும்.

எல்லாருக்கும் முதல் நாளே கொத்தைக் கொடுத்துவிடலாம் என்று தங்கை சொல்கிறாள். அவள் சென்னையில் இருக்கிறாள், சொல்லலாம். பாஸ்த்ரூ போட்டவன் என்ற முறையில் எனக்கு அதன் கவர்ச்சி தெரியும். அது நம்பிக்கையா, சோம்பேறித்தனமா என்று கொடுக்கிறவனுக்கே தெரியாது. இப்போதைக்கு நான் எட்டியிருக்கிற இடம் இதுதான்: எல்லாரும் கறாரில் ஆரம்பிக்கட்டும், இரண்டாவது வருடம் வந்தால் கேட் சாவி, மூன்றாவது வருடம் கொத்து. அதில் யாரும் சாஸ்தாவைக் கேட்கக் கூடாது. நல்ல விதி என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பையன் இரண்டாவது வருடம் வரமாட்டான். அவனைப் பொறுத்தவரை எங்கள் வீட்டுக் கேள்வித்தாளில் பதில் எழுதியாகிவிட்டது.

கம்பெனி வேலையை முடித்தேன். சிதறிய பதில்களை ஒரே கோப்பில் சேர்த்தேன். டிஃபால்ட் கறார், உள்ளே பதித்த வட்டுக்கு மட்டும் சோம்பல், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பாஸ்த்ரூ போட்ட பழைய பெட்டியைப் பற்றி, அதைப் போட்டது நான், காரணம் வேகம், வாடிக்கையாளரிடம் சொல்லவில்லை என்று எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம் என்று ஒரு வரி பதில் வந்தது. வேகம் குறைந்ததை இதுவரை யாரும் கவனிக்கவில்லை.

இந்த வருடம் சாரல் சீக்கிரமே விழுந்துவிட்டது. முதல் விருந்தாளிகள் வந்தபோது நான் முன்னறையில்தான் இருந்தேன். அம்மா தண்ணீர் கொடுத்தாள். ஊர் கேட்கவில்லை, சாஸ்தா கேட்கவில்லை. "எல்லார்ட்டயும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கச் சொல்லியிருக்கான் எம்மவன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள். நான் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், பிறகு தெருவின் பெயர் என்று நிதானமாக வாசித்தாள். வாசித்துவிட்டு ஆணிப் பக்கம் கையை நீட்டினாள்.